நடுங்கியது வண்டிதான்

பூகம்பம் என்றுதான் நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் இன்றும் வண்டூர் பக்கம் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பேன். நிறுத்தவில்லை. பிக்கப் வண்டியை நடுரோட்டில் விட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், "பூகம்ப்! பூகம்ப்! பாகோ!" என்று கத்திக்கொண்டே எதிரே இருந்த மேட்டில் ஏறி ஓடினேன். இந்தியில் கத்தியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அந்தமான் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டிய விஷயம் இந்தியில்தான் வந்தாக வேண்டும். உயிர் போகிற நேரத்திலும் பொதுநலம் பார்த்தவன் நான் என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பலன் உடனே தெரிந்தது. சாலையோர டீக்கடையில் இருந்தவர்கள் மொத்தமாக என் பின்னால் ஓடி வந்தார்கள். டீக்கடைச் சேட்டன் கொதிக்கிற பாலோடு ஓடி வந்தார். ஒருவர் கையில் பாதி கடித்த வடை. கடல் ஒருமுறை வீட்டுக்குள் வந்துபோன ஊர் இது. இங்கே நிலம் ஆடுகிறது என்று ஒருவன் கத்தினால் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். முதலில் மேட்டில் ஏறுவார்கள், மூச்சு விடுவதெல்லாம் அப்புறம்.

மேட்டில் நின்று கடலைப் பார்த்தோம். கடலும் எங்களைப் பார்த்தது. அதற்கு எங்களிடம் எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழே ஒரே ஓர் ஆள் மட்டும் ஓடாமல் இருந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் டீ டம்ளர். அவர் என் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். பிறகு டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். பிறகுதான் எங்களை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பீ! எறங்கி வா! பூமி ஒண்ணும் ஆடல! ஒன் வண்டிதான் ஆடுது!"

மேட்டிலிருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. வடைக்காரர் மீதி வடையைக் கடித்தார். அந்தக் கடியில் என்மேல் இருந்த கோபம் முழுக்கத் தெரிந்தது.

"இதுல என்ன வெக்கம்?" என்று கீழேயிருந்து குரல் மறுபடி வந்தது. "நல்லா ஓடுன! நம்ம வண்டியும் அப்பிடி ஓடியிருந்தா பரவாயில்ல!"

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் படித்துவிட்டுப் போனில் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் போனைக் காதில் வைக்கக் கூடாது, மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மகள் வீட்டோடு அவர் மெயின்லேண்ட் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நடுவில் இத்தனை கடல் இருந்தும் குரல் குறையவில்லை.

அக்கா நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சிலோன் மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள், அதில் ஒரு குடும்பம் அவருடையது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வரிசையிலிருந்து அடுத்த மேட்டிலிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. தோட்டத்து டிராக்டர் ஓட்டியவரைக் கல்யாணம் செய்துகொண்டார், கூடவே டிராக்டரையும் கற்றுக்கொண்டார். "ரெண்டுல டிராக்டர்தான் சொன்ன பேச்சக் கேக்கும்" என்பார். அவர் கணவர் சாது. "எனக்குப் பேச எடம் வெக்கல, தம்பி" என்று ஒருமுறை என்னிடம் மெதுவாகச் சொன்னார். உள்ளேயிருந்து "என்னா சொல்றாரு?" என்று கேட்டதும் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வண்டூர் சாலையில், டீக்கடைக்கு எதிரே மேலேறும் சரிவில் அவருடைய பட்டறை. நாலு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு வெல்டிங் மெஷின். என்ஜின் என்று ஒன்று இருந்தால் போதும், அது படகில் இருந்தாலும் ஜீப்பில் இருந்தாலும் அக்காவுக்கு அது தன் சொந்தக்காரர்தான். செய்த வேலையைப் பற்றிப் பெருமை பேசுவதில் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. "இந்த ரோட்டுல ஓடுற வண்டியில பாதி என் கை பட்டது. மீதி இனிமே வரும்" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார், பேரப்பிள்ளைகளைக் கணக்குச் சொல்கிற மாதிரி.

பெருமை பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். போர்ட் பிளேயரின் அபர்டீன் பஜாரில் இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்குப் போவதற்குள் நாலு பேர் கிடைப்பார்கள், அவர்களில் ஒருவன் நான். அக்காவிடம் வேறு ஒன்று இருந்தது. தன் சாமர்த்தியத்தை எந்தக் குரலில் சொல்வாரோ, தன் தப்பையும் அதே குரலில் சொல்வார். ஒரு பிடி குறைக்க மாட்டார்.

முதலில் அதை நான் கண்டது கோயில் அன்னதானத்தில். அன்று சமையல் பொறுப்பு அக்காவுடையது. பந்தியில் பாயசம் வந்தது. ஒரு வாய் குடித்த எல்லாரும் குனிந்து இலையையே பார்த்தோம். சர்க்கரைக்குப் பதில் உப்பு. கோயில் விஷயம், சாமி பிரசாதம், யார் வாயைத் திறப்பது? மெதுவாக இலையை மூடிவிட்டு எழுந்துபோவதுதான் மரியாதை என்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது, சமையல் கொட்டகையிலிருந்து அக்கா வந்து பந்தி நடுவில் நின்றார். ஒருவர் மைக்கை நீட்டினார். "அது வேணாம், எடு" என்று தள்ளிவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க! பாயசத்துல உப்புப் போட்டது நான்! யாரும் குடிக்காதீங்க! வேற ஆள ஏசாதீங்க! சாம்பாரும் நான்தான் வெச்சது, அது ஒசத்தி, ரெண்டாவது தரம் வாங்கிக்கங்க!"

சாம்பார் உண்மையிலேயே ஒசத்தி.

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போனபோதும் இதே கதை. அதைச் சரிசெய்து ஓடவிட்டார். ஓடியது. ஆனால் இணைப்பில் இரண்டு கம்பி இடம் மாறியதால் சமையலறையின் பெரிய விசிறி தலைகீழாகச் சுற்றி, மீன் வறுத்த புகை முழுவதையும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஊதியது. வெளியூர்க்காரர்கள் இருமிக்கொண்டே எழுந்தார்கள். மேனேஜர் கடல்காற்று, வானிலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அக்கா நேராகக் கூடத்துக்குள் நடந்துபோய், "மேரா கல்த்தி! தோ வயர் உல்ட்டா! பாஞ்ச் மினிட்!" என்று விரல்களைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். என் தப்பு, ரெண்டு கம்பி தலைகீழ், அஞ்சு நிமிஷம். கை தட்டினார்களாம். இதை என்னிடம் சொன்னதும் அவர்தான். கைதட்டல் சரிசெய்ததற்காகக் கிடைத்ததா, தப்பைச் சொன்னதற்காகக் கிடைத்ததா என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்றார். "ஒசத்தியச் சொல்லுறப்ப ஊருக்கே கேக்கச் சொல்லுறேன். தப்ப மட்டும் காதுக்குள்ள சொன்னா அது திருட்டு. வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் அந்தத் தப்பு என் வண்டிக்கு நேரும்போது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்பது அப்போது விளங்கவில்லை.

நான் கண்ணாடிக் கடைக்காரன். சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது, பீரோக் கதவுக்கு முகக்கண்ணாடி மாட்டுவது. இப்படிச் சிறு சிறு வேலையாகவே தலை நரைத்தவனுக்கு வண்டூரில் ஒரு தாதா பெரிய வேலை கொடுத்தார். தாதா என்றால் அடிதடித் தாதா இல்லை, வங்காளி அண்ணன். கடலைப் பார்த்து அவர் கட்டிய தங்கும் விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக வேண்டும். ஆளுயரத்துக்கு மேலான கனத்த கண்ணாடிகள். இங்கே வெட்ட முடியாத ஜாதி அவை. அளவு கொடுத்தால் சென்னையில் உலையில் போட்டுக் காய்ச்சி அனுப்புவார்கள், கப்பலில் வரும். அசைக்க முடியாத பலம் அதற்கு. ஆனால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மொத்தமும் கல்கண்டாகக் கொட்டிவிடும். ஒன்று உடைந்தால் மறுபடி சென்னை, மறுபடி உலை, மறுபடி கப்பல். அதற்குள் சீசன் முடிந்துவிடும். சீசன் தொடங்குவதற்குள் கூடம் திறக்கும் என்று தாதாவிடம் கையில் அடித்துச் சொன்னவன் நான். அவர் நம்பினார். என்னை நம்பிய முதல் பெரிய மனிதர்.

இனி வண்டிக்கு வருகிறேன். தாதாவின் விடுதிக்குப் போகிற சந்தில், சுனாமிக்குப் பிறகு நிலம் தாழ்ந்துபோன ஓர் இடம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கடல் அங்கே ரோட்டுக்கு வந்துவிடும். சாதாரணப் பிக்கப் அதில் இறங்கினால் உப்புத் தண்ணீர் குடிக்கும். லாரி போகலாம் என்றால் சந்தின் இரு பக்கமும் பாக்கு மரங்கள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே என் பிக்கப்பை உயர்த்துவது என்று முடிவாயிற்று. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தையும் தூக்கி, பெரிய டயர் மாட்டி, அக்கா என் வண்டியை யானையாக்கிக் கொடுத்தார். நான் குள்ளன். ஏறுவதற்குத் தனியாக ஒரு படி வெல்டிங் செய்து தந்தார். அந்தப் படியில் கால் வைத்து ஏறிய நிமிடத்தில், என்னைவிடக் கம்பீரமான ஆண் தெற்கு அந்தமானில் இல்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடு பட்டறையிலிருந்து இறங்கி, டீக்கடையைத் தாண்டி, எதிர் ஏற்றத்தில் கியர் மாற்றி அழுத்தியபோதுதான் கீழேயிருந்து ஒரு நடுக்கம் வந்தது. இருக்கை நடுங்கி, ஸ்டீயரிங் நடுங்கி, என் பல் நடுங்கியது. மீதியை மேட்டில் என்னோடு நின்றவர்கள் சொல்வார்கள்.

"கிராஸ் போயிருக்கும்" என்றார் அக்கா. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு ஒன்று வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டு இரு முனையிலும் மடங்கிக் கொடுப்பதற்கு இருக்கிற சிலுவை போன்ற இணைப்புத்தான் கிராஸ். "பழைய கிராஸ். புது ஒசரம் தாங்கல. மாத்துனா நின்னுரும்." டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாற்றினார். ஆட்டம் நிற்கவில்லை.

"நான் சொன்னது தப்பு!" டீக்கடை முழுக்கக் கேட்டது. "கிராஸ் நல்லாத்தான் இருந்திருக்கு!"

அடுத்தது டயர். பெரிய டயரில் கனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்றார். கழற்றினார், சுழற்றினார், ஈயக்கட்டி ஒட்டினார். "இப்ப ஓட்டு, வெண்ணெ மாதிரி போவும்." ஓட்டினேன். வெண்ணெய் கடைவது மாதிரி போனது.

"அதுவும் தப்பு!"

வண்டூர் பஸ்ஸில் போகிற அத்தனை பேருக்கும் என் வண்டியின் நோய் தெரிந்துவிட்டது. பஜாரில் என்னைப் பார்த்தவர்கள் "நலமா?" என்பதற்குப் பதிலாக "நின்னுச்சா?" என்று கேட்டார்கள். வீட்டில் தூக்கத்தில் கட்டில் ஆடினால்கூட எழுந்து உட்கார்ந்தேன். ஆடியது கட்டில் இல்லை, என் கால். தாதா தினமும் போன் செய்து, "கப்பல் வந்துவிட்டதா பாய்?" என்று இந்தியில் கேட்பார். கப்பல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே வியாபாரி இந்தத் தீவுகளில் நானாகத்தான் இருப்பேன்.

அக்காவுக்குத் தெரியாமல் ஊருக்குள் இன்னொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தார், டயரை ஒரு உதை உதைத்தார்.

"வண்டியில ஒண்ணுமில்ல. ரோடு சரியில்ல. இதே வண்டி மெயின்லேண்ட்ல ஓடுனா ஆடாது."

"அதுக்கு வண்டியக் கப்பல்ல ஏத்தணுமே அண்ணே. கப்பல்லயே ஆடுமே."

"அது கப்பலோட ஆட்டம். அதுக்கும் நான் பொறுப்பில்ல" என்றார்.

அன்று எனக்கு அக்காவின் அருமை கொஞ்சம் புரிந்தது. இவரிடம் எந்தத் தப்பும் இல்லை. ரோட்டில் இருந்தது, கப்பலில் இருந்தது, மெயின்லேண்டிலிருந்து வருகிற உதிரிப் பாகத்தில் இருந்தது. இவரிடம் மட்டும் இல்லை. ஆகவே இவரிடம் சரிசெய்வதற்கும் ஒன்றும் இல்லை.

கப்பல் வந்தேவிட்டது. கண்ணாடிப் பெட்டிகள் ஹாடோ கப்பல்துறை ஜெட்டியில் இறங்கின. அன்றைக்கே எடுத்தாக வேண்டும். அக்கா கருவிப் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் ஒசத்துன வண்டி. நான் பாக்காம இதுல கண்ணாடி ஏறாது."

"ஆடுதேக்கா."

"ஆடுது. அதான் நானும் வாறேன். தனியா நீ ஒருத்தன் பயப்படுறதுக்கு ரெண்டு பேராப் பயப்படலாம்."

வெறும் வண்டி ஒவ்வோர் ஏற்றத்திலும் நடுங்கிக்கொண்டே ஜெட்டிக்குப் போனது. போர்ட் பிளேயரில் ஏற்றம் இல்லாத இடம் என்று ஒன்று இருந்தால் அது கடல்தான். அதற்கு அடுத்தது ஜெட்டி. கடல் மட்டத்துக்கு இணையாகப் போட்ட கான்கிரீட், ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அங்கே வண்டியை நிறுத்தினேன்.

கண்ணாடிகளைச் சாய்த்து வைப்பதற்கு வண்டியின் பின்தட்டில் இரும்புச் சட்டம் ஒன்று பொருத்த வேண்டும். சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்க அக்கா ரசமட்டத்தை எடுத்து முதலில் பின்தட்டின் மேல் வைத்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதில் ஒரு குமிழியும் இருக்கும், அது. குமிழி சரியாக நடுவில் வந்து நின்றது. நல்லதுதானே? அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துத் திருப்பி வைத்தார். மறுபடி நடுவில் நின்றது. பிறகு ரசமட்டத்தோடு வண்டியின் அடியில் புகுந்தார்.

வெளியே காக்கிச் சட்டையின் விளிம்பும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. சத்தமே இல்லை. அக்கா இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மாரடைப்பு என்று முடிவு செய்தேன். அவர் கணவருக்கு எந்த வார்த்தையில் சொல்வது, தாதாவுக்கு எந்த வார்த்தையில் சொல்வது, எதை முதலில் சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது வண்டியின் அடியிலிருந்து வெடித்தது.

"நான்தாண்டா!"

கிரேன்காரர் கிரேனை நிறுத்தினார். கப்பல் மேல்தட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னக்கா நீங்க? நெஞ்சு வலியா?"

"நெஞ்சுல என்னா வலி? கோளாறு நான்தான்! ஆட்டுறது நான்தான்!" முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார். இரண்டு கையையும் விரித்தார். கண்டுபிடித்தவர் மாதிரியும் பிடிபட்டவர் மாதிரியும் ஒரே நேரத்தில் இருந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தச் சுழலும் தண்டின் முன்முனையும் பின்முனையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் பார்த்தால் தண்டு சீராகச் சுற்றாது, உதறும். வண்டியை உயர்த்திய அன்று பின்முனை சரியாக இருக்கிறதா என்று அக்கா ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறார். தண்டு போய்ச் சேருகிற பின்பக்கக் கூட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருப்பதாகக் குமிழி காட்டியது. உடனே இரண்டு ஆப்பு செய்து கட்டைக்கு அடியில் கொடுத்து மூக்கைத் தாழ்த்திவிட்டார். உடைத்த கப்பலின் இரும்புத் தகட்டிலிருந்து தன் கையாலேயே ராவி எடுத்த ஆப்புகள். டீக்கடையில் எல்லார் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்ன ஆப்புகள்.

ஆனால் அன்று வண்டி நின்றது எங்கே? அவருடைய பட்டறையில். சரிவில். முன்பக்கம் மேட்டைப் பார்த்து. மேலே தூக்கியிருந்தது மூக்கு இல்லை, தரை.

"பூமிக்கு மட்டம் பாத்தேன் தம்பி. வண்டிக்குப் பாக்கல. ஒண்ணுமில்லாத எடத்துல ரெண்டு ஆப்பச் சொருகி நானே கெடுத்துருக்கேன்." பிறகு ஜெட்டிக்கே கேட்கும்படி, "இப்பிடி ஒரு தப்ப இந்தத் தீவுல வேற எவனும் செஞ்சிருக்க மாட்டான்! ஒவ்வொண்ணும் அளந்து செஞ்ச தப்பு!"

பக்கத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார். "அப்போ துகான் பந்த் கரோ, மவுசி!" கடையை மூடு, சித்தி.

எனக்குச் சண்டை வராது. சண்டை வரும் என்று தெரிந்தால் எதிர்ப்பக்கச் சாலைக்குப் போய்விடுகிற ஜாதி. ஆனால் அன்று என்ன வந்ததென்று தெரியவில்லை, அந்த லாரியின் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு.

"சிரிக்காதே! தும்ஹாரா மிஸ்திரி கபி போலா? 'என் தப்பு' என்று உன் மெக்கானிக் ஒருநாளாவது சொல்லியிருக்கிறானா? ஏ ஹமாரா மிஸ்திரி ஹை! எங்க மெக்கானிக்!"

பாதி இந்தி, பாதி மேடைத் தமிழ். ஆனாலும் சொல்லி முடித்தேன். டிரைவர் கொஞ்சம் யோசித்தார்.

"நஹி போலா" என்று ஒப்புக்கொண்டார். பிறகு தன் லாரியிலிருந்து பெரிய ஜாக்கியை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தார்.

அதற்குள் ஜெட்டி ஊழியர் ஒருவர் விசிலோடு ஓடி வந்தார். "இதர் ரிப்பேர் மனா ஹை! கராஜ் லே ஜாவ்!" இங்கே பழுது பார்க்கக் கூடாது, கராஜுக்குக் கொண்டுபோ.

"கராஜ்லதான் கெட்டுச்சு!" அக்கா படுத்தபடியே பதில் சொன்னார். "என் கராஜ் டேடா ஹை! கோணல்! நீங்க போட்ட தரைதான் சீதா, நேரா இருக்கு! ஒங்க தரையாலதான் தப்பே தெரிஞ்சுது, புண்ணியமாப் போவும்!"

தன் ஜெட்டியை ஒருவர் புகழ்ந்து அந்த ஊழியர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஜல்தி கரோ, சீக்கிரம்" என்று சொல்லி, மற்ற வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிட ஆரம்பித்தார்.

அக்கா நட்டுகளைத் தளர்த்தி, லாரிக்காரரின் ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, ஆப்புகளை உருவினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனா வேல பாரு" என்றார் என்னிடம். "எவ்வளவு சுத்தம்."

நட்டுகளை இறுக்கிவிட்டு வெறும் வண்டியை ஜெட்டியிலிருந்து மேலேறும் ஏற்றத்தில் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. நடுங்கியது நான் மட்டும்தான், அதுவும் பழக்கத்தில். திரும்பி வந்து தலையை ஆட்டினேன்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா."

"சத்தமாச் சொல்லு!"

"நின்னுச்சு!" என்று கத்தினேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றினோம். ரப்பர் பட்டை கொடுத்து, கயிறு கட்டி, ஒவ்வொன்றாகச் சட்டத்தில் சாய்த்தோம். அக்கா முன்னால் உட்கார மறுத்துவிட்டார். பின்தட்டில் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணாடியின் மேல் ஒரு கையை விரித்து வைத்தபடியே வண்டூர் வரை வந்தார். ஏற்றங்களில் நான் தலையை வெளியே நீட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "ரோட்டப் பாரு!" என்று பதில் வரும்.

சந்தின் தாழ்ந்த இடத்தில் கடல் முழங்கால் அளவு நின்றது. வண்டி அதில் இறங்கி, மெல்ல நடந்து, மறுபக்கம் ஏறியது.

தாதா வாசலிலேயே காத்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பஹுத் படியா காடி ஹை பாய்! அருமையான வண்டி! இவ்வளவு கனத்தை இந்த ரோட்டில் இப்படிக் கொண்டுவந்திருக்கிறாய்!" நான் அடக்கமாகச் சிரிக்கத் தயாரானேன். பாராட்டு வந்தால் அதை முழுசாக அனுபவிக்கிற சுபாவம் எனக்கு. ஆனால் பின்தட்டிலிருந்து குரல் வந்துவிட்டது.

"தாதா! இந்த வண்டிய ஆட வெச்சது நான்! நிப்பாட்டுனதும் நான்! ரெண்டையும் சேத்துப் பாராட்டுங்க!"

தாதாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன், அவர் சொன்ன அதே சத்தத்தில். தாதா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

மாலைக்குள் எல்லாக் கண்ணாடிகளும் இறங்கின. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.